சிவப்புச் சீட்டு கட்டிய கண்ணாடி

மாரம்மா ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஓசூர் சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் வால்வு கம்பெனியில் மேனேஜர் முதல் கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் இது தெரியும். வீட்டில் அவள் புருஷன் திருமலைக்கும் தெரியும். அவன் வாங்கிவரும் கத்தரிக்காயில் நாலு தனியாக ஒதுங்கும். அவன் துவைத்துக் காயப்போட்ட சட்டையில் ஒன்று திரும்பவும் வாளிக்குப் போகும். பழகிவிட்டது.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஃபிரிட்ஜின் மேல் அவன் பார்த்தது பழகாத ஒன்று. அன்றைக்குத்தான் கடையிலிருந்து வாங்கிவந்த புது மூக்குக்கண்ணாடி, பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைச் சுற்றி நூல். நூலின் நுனியில் கம்பெனியின் சிவப்புச் சீட்டு. சீட்டில் மாரம்மாவின் முத்து முத்தான கையெழுத்து:

பொருள்: கண்ணாடி. குறை: அளவு ட்ராயிங்குடன் பொருந்தவில்லை. முடிவு: திருப்பி அனுப்பவும்.

"ஏம்மே, போட்டுக்க வாங்கனயா, திருப்பி அனுப்ப வாங்கனயா?" என்றான் திருமலை.

அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை. "டாக்டர் எழுதனது ஒன்னு, கடைக்காரன் செஞ்சது ஒன்னு. எல்லாம் தலைகீழா கீது."

"போட்டுப் பாத்தா தெரியுதா?"

"தெரியறது வேற, சரியா இருக்கறது வேற. ட்ராயிங் ஒன்னு, பீஸ் ஒன்னுன்னு பதினோரு வருசத்துல ஒரு வால்வு வுட்டிருப்பனா? என் கண்ணுக்கு மட்டும் வுடுவனா?"

கம்பெனி பஸ் ஓட்டும் திருமலைக்கு எங்கே பிரேக் போட வேண்டும் என்று தெரியும். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் கண்ணாடியோடு நிற்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

அஞ்செட்டிக்கு மேலே மலையில் ஒரு ஊரில் பிறந்து, கல்யாணமாகி ஓசூர் வந்து, முதலில் பேக்கிங்கில் சேர்ந்தவள் மாரம்மா. மூன்றே வருஷத்தில் அவளைக் கடைசிப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். வெள்ளை விளக்கின் கீழே வரிசையாக ஆறு மேசை. வண்டி பிரேக்குக்குப் போகிற, கட்டைவிரல் அளவு வால்வுகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் திருப்பி, கீறல் உண்டா, பிசிறு உண்டா என்று பார்க்க வேண்டும். நல்லது பச்சைப் பெட்டிக்கு, கெட்டது சிவப்புப் பெட்டிக்கு. தட்டு முடிந்ததும் சீட்டில் தன் முத்திரையைக் குத்த வேண்டும். மாரம்மாவின் முத்திரை எண் ஏழு. சின்ன ரப்பர் முத்திரைதான். ஆனால் அந்த ஏழு விழுந்த தட்டை, வால்வு வாங்குகிற கம்பெனியில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. கேட்காதது போல இருந்துகொள்வாள்.

போன மாதம் கம்பெனியிலேயே கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். வயதான டாக்டர் ஒருவர் வந்திருந்தார். சின்ன எழுத்து அட்டையை நீட்டினார். மூன்றாவது வரிக்குக் கீழே எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது மாரம்மாவுக்கு. நாற்பத்து நாலு வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டு எழுதினார். அவருக்குச் சிரிப்பு. இவள் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டாள்.

சூப்பர்வைசர் தினேஷ்குமார் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தானே குற்றம் செய்தவன் போலப் பேசினான்.

"உங்கள மாத்தணும்னு எனக்கு ஆசையாக்கா? ரூல் அப்படி இருக்கு. இருபத்தஞ்சாந்தேதி திங்கக்கிழம, கண்ணாடியப் போட்டுட்டு வந்து அந்தச் சின்ன எழுத்த வாசிச்சுக் காட்டிருங்க. அப்புறம் பத்து பீஸ் தாரேன், எது நல்லது எது கெட்டதுன்னு சொல்லுங்க. சரியா இருந்தா ஸ்டாம்பு உங்ககிட்டயே இருக்கும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா பேக்கிங். சம்பளம் ஒண்ணும் குறையாது."

சம்பளம் குறையாது. முத்திரைதான் போய்விடும். ஏழாம் எண்ணை வேறு யாராவது குத்துவார்கள். தட்டோடு தட்டாக அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டு அவள் இருக்க வேண்டும். இதை நினைத்தால் மாரம்மா களித் தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள்.

டாக்டர் சீட்டை அவள் முதலில் படித்ததே தொழிற்சாலைக் கண்ணால்தான். அவள் கையாளும் வால்வில், குறித்த அளவுக்கு மேலேயோ கீழேயோ பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து வரை போகலாம். அதைத் தாண்டினால் சிவப்புப் பெட்டி. சீட்டில் வலது கண்ணுக்கு 'ஸ்பியர் −0.50, சிலிண்டர் +1.00, ஆக்சிஸ் 180' என்று இருந்தது. அனுமதித்ததைப் போல இருபது மடங்கு தப்பு என்று அவளாகக் கணக்குப் போட்டுக்கொண்டு, இந்தக் கண்ணை எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒரு ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டாள்.

பிறகு பாகலூர் ரோட்டில் ராமப்பன் கடையில் சீட்டைக் காட்டி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்தாள். வியாழக்கிழமை கண்ணாடி வந்தது. பெட்டிக்குள் கண்ணாடியின் பவர் எழுதிய ஒரு கார்டும் இருந்தது. பொருள் வந்தால் முதலில் தாளோடு ஒப்பிடுவது அவள் வழக்கம். ஒப்பிட்டாள். கார்டில் வலது கண்ணுக்கு 'ஸ்பியர் +0.50, சிலிண்டர் −1.00, ஆக்சிஸ் 90' என்று இருந்தது.

மைனஸ் இருந்த இடத்தில் பிளஸ். பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ். நூற்று எண்பது, தொண்ணூறாகிவிட்டது.

சந்தேகத்தோடு போட்டுப் பார்த்தாள். வீட்டுத் தரை ஒரு பக்கம் சரிந்தது. வாசற்படி எழும்பி வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டு வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை பெட்டி ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும், திருமலை ஓட்டிய கம்பெனி பஸ்ஸிலேயே வந்து பாகலூர் ரோட்டு முனையில் இறங்கிக்கொண்டாள். தை மாதத்துக் குளிர். மூன்று மணிக்கே வெயிலுக்குத் தெம்பில்லை. "சண்ட கிண்ட போடாத மே, பொறுமையா கேளு" என்று திருமலை ஜன்னல் வழியாகச் சொன்னான். பின்சீட்டில் இருந்தவர்கள் அவள் கையில் இருந்த பெட்டியையும் சிவப்புச் சீட்டையும் பார்த்து, கடைக்காரருக்காக அனுதாபப்பட்டார்கள்.

ராமப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் வருகிறவர் எந்த மொழியோ அந்த மொழி. சீட்டில் இருந்த மூன்று வரியையும் படித்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏனம்மா இது," என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "முப்பது வருசமா கடை வெச்சிக்கிறன். பிரேம் புடிக்கலன்னு வந்திருக்காங்க. மூக்குல குத்துதுன்னு வந்திருக்காங்க. சீட்டு கட்டி யாரும் வந்ததில்ல."

மாரம்மா டாக்டர் சீட்டையும் கார்டையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துக் காட்டினாள். ராமப்பன் கண்ணாடியைப் பவர் அளக்கும் மெஷினில் வைத்து அளந்தார். மெஷின் ஒரு துண்டுத் தாளைத் துப்பியது. அதில் கார்டில் இருந்ததே இருந்தது.

"பாத்தீங்களா, உங்க மிஷினே சொல்லுது," என்றாள்.

"ரெண்டும் ஒன்னும்மா."

"மைனஸ் அரையும் பிளஸ் அரையும் ஒன்னா? எங்க கம்பெனில அப்படிச் சொல்லிப் பாருங்க. வாசக் கேட்டு வரைக்கும் கூட்டிம்போயி வுட்டுட்டு வருவாங்க."

ராமப்பன் சிரித்தார். டாக்டர்கள் இரண்டு விதமாக எழுதுவார்கள், பழைய ஆட்கள் சிலர் சிலிண்டரைப் பிளஸ்ஸில் எழுதுவார்கள், கண்ணாடி செய்கிற இடத்தில் எல்லாமே மைனஸ் கணக்குத்தான் என்றார். மாற்றுவதற்கு ஒரு வழி உண்டு. ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர். சிலிண்டரின் பிளஸ்ஸை மைனஸ் ஆக்க வேண்டும். ஆக்சிஸைத் தொண்ணூறு திருப்ப வேண்டும். வாய்ப்பாடு போல ஒப்பித்தார்.

மாரம்மா மனதுக்குள் கூட்டினாள். மைனஸ் அரையும் பிளஸ் ஒன்றும் சேர்ந்தால் பிளஸ் அரை. கணக்கு வந்தது. ஆனால் கணக்கு வருவதால் மட்டும் அவள் எதையும் பச்சைப் பெட்டியில் போட்டதில்லை.

"ஏன் அப்படி மாத்தணும்?"

"ஏன்னா... எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு, நான் செய்றன். முப்பது வருசத்துல ஒருத்தரும் ஏன்னு கேக்கல தல்லி."

"நான் கேக்கறன். ஆக்சிஸ்னா இன்னா? அத மொதல்ல சொல்லுங்க."

அது அவருக்குத் தெரிந்த இடம். உற்சாகமாகிவிட்டார். டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் படுக்கையாக ஒரு கோடு, நிமிர்ந்து ஒரு கோடு இழுத்தார். படுக்கைக் கோடு நூற்று எண்பது. நிமிர்ந்த கோடு தொண்ணூறு. கண்ணின் முன்பக்கம் பந்து போல ஒரே வளைவாக இருந்தால் ஒரே பவர் போதும், அதுதான் ஸ்பியர். உங்கள் கண் கொஞ்சம் கோழிமுட்டை மாதிரி. படுக்கைவாக்கில் ஒரு வளைவு, நிமிர்ந்தவாக்கில் ஒரு வளைவு. அந்த வித்தியாசத்துக்குத்தான் சிலிண்டர். ஆனால் சிலிண்டர் பவர் ஆக்சிஸ் கோட்டின்மேல் வேலை செய்யாது, அதற்குக் குறுக்கே இருக்கிற கோட்டில்தான் வேலை செய்யும் என்றார்.

மாரம்மா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் கணக்கில் ஆக்சிஸ் நூற்று எண்பது, அதாவது படுக்கைக் கோடு. அதன்மேல் வெறும் ஸ்பியர்: மைனஸ் அரை. குறுக்கே நிமிர்ந்த கோட்டில் ஒன்று கூடுகிறது: பிளஸ் அரை. கோட்டு நுனிகளில் எழுதினாள்.

பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டாள். கடைக் கணக்கில் ஆக்சிஸ் தொண்ணூறு, நிமிர்ந்த கோடு. அதன்மேல் வெறும் ஸ்பியர்: பிளஸ் அரை. குறுக்கே படுக்கைக் கோட்டில் ஒன்று குறைகிறது: மைனஸ் அரை.

இரண்டு வட்டமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன.

அவள் ஒவ்வொரு கோட்டு நுனியையும் பேனாவால் தொட்டுப் பார்த்தாள். வெளியே தக்காளி வண்டிக்காரன் ஸ்பீக்கரில் மூன்று மொழியில் விலை சொல்லிக்கொண்டு போனான்.

"அட," என்றாள் மாரம்மா மெதுவாக. "டேட்டம் மாத்திக்கிறாங்க."

"அதென்னம்மா?"

வால்வை அளக்கும்போது ஏதாவது ஒரு முகத்திலிருந்துதானே அளக்கத் தொடங்க வேண்டும், அந்த முகத்துக்குக் கம்பெனியில் அதுதான் பெயர் என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு புது ட்ராயிங் ஒன்று வந்தது. அதுவரை தலையிலிருந்து அளந்ததை, அடியிலிருந்து அளக்கும்படி மாற்றிவிட்டார்கள். ஓட்டை எல்லாம் அதே இடம்தான். ஆனால் ட்ராயிங்கில் ஒரு எண்கூடப் பழையது இல்லை. அதைக் கவனிக்காமல், அருமையான தட்டு ஒன்றை முழுசாகச் சிவப்புப் பெட்டியில் கொட்டிய ஆள் யார் என்று கேட்டால், அவளேதான்.

"டாக்டர் படுக்கற கோட்டுல நின்னுக்கினு ஒன்னு ஏறிக்கிறாரு. நீங்க நிக்கற கோட்டுல நின்னுக்கினு ஒன்னு எறங்கிக்கிறீங்க. போய்ச் சேர்ற எடம் ஒன்னுதான்," என்றாள். "அன்னிக்கும் இதே தப்பதான் பண்ணன். திரும்பவும் பண்ணிக்கிறன் பாருங்க."

ராமப்பன் அந்த இரண்டு வட்டங்களையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாக அவர் வாயில் இருந்த வாய்ப்பாடு, முதல்முறையாகத் தலைக்குள் போய் உட்கார்ந்தது. "எங்கப்பா இருந்திருந்தா உங்களுக்குக் காப்பி வாங்கிக் குடுத்திருப்பாரு," என்றவர், அப்பா சார்பில் தானே ஆள் அனுப்பி வாங்கினார்.

காப்பி வருவதற்குள் இடது கண்ணின் கணக்கை அவளே போட்டுப் பார்த்தாள். பொருந்தியது. கடைசியில் இருந்த 'ஆட் +1.50' இரண்டு தாளிலும் மாறாமல் ஏன் இருக்கிறது என்று கேட்டாள். அது கிட்டத்தில் பார்ப்பதற்கு, கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் கூட்டிக் கொடுப்பது, அதற்குக் கோடும் கிடையாது திசையும் கிடையாது என்றார் ராமப்பன். இருபது மடங்குத் தப்பு பற்றியும் விசாரித்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது உங்க கண்ணு எவ்ளோ கெட்டுப்போச்சின்னு எழுதற அளவு இல்லம்மா. கண்ணாடி எவ்ளோ ஒத்தாசை பண்ணணும்னு எழுதறது."

"தரை ஏன் சாயுது அப்போ?"

"ரெண்டு கோட்டுக்கு ரெண்டு பவர் இல்லியா, மூளைக்குப் புதுசு. விடாம போட்டா மூணு நாள்ல பழகிடும். வியாழக்கிழம வாங்கனீங்க, இந்நேரம் பழகியிருக்கணுமே?"

மாரம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் சிவப்புச் சீட்டோடு கிடந்தது. திங்கட்கிழமைக்கு இனி ஒன்றரை நாள்தான். அங்கேயே பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டாள். கடை ஒரு பக்கம் சரிந்தது. ராமப்பனும் கூடவே சரிந்தார்.

சீட்டை எடுக்கப் போனவளை அவர் தடுத்தார். அது தனக்கு வந்த ரிஜெக்ட், தன்னிடமே இருக்கட்டும் என்றார். அப்படியானால் பதில் எழுத வேண்டும் என்றாள் மாரம்மா. கம்பெனி முறை அது. சிவப்புச் சீட்டு வாங்கியவர், தப்பு ஏன் வந்தது, இனி வராமல் இருக்க என்ன செய்வது என்று இரண்டு வரி எழுதியே தீர வேண்டும். ராமப்பன் பயபக்தியோடு பேனாவைத் திறந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். காரணம்: இரண்டு பேர் இரண்டு கோட்டிலிருந்து அளந்தது. நடவடிக்கை: இனிமேல் கார்டில் டாக்டர் கணக்கு ஒரு வரி, கடைக் கணக்கு ஒரு வரி எழுதப்படும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாரம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. வாசற்படியில் இறங்கும்போது வாத்து போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். திருமலை பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான். "பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்டக்டர் வர மாதிரி வராதீங்க," என்று விரட்டினாள். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் ஹரிணி ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்து, அம்மா தன் காலேஜ் துறைத்தலைவர் எச்.ஓ.டி. மாதிரி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பாராட்டா இல்லையா என்று மாரம்மா கேட்டதற்கு லைன் கட்டாகிவிட்டது.

மத்தியானம் பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையை முறத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கொட்டையாக நசுக்கித் தோலிலிருந்து பருப்பைப் பிதுக்கும் வேலை. கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தபோது கை தானாக நின்றது. கொட்டையின் தோலில் நரம்பு தெரிந்தது. ஊசிமுனையளவு பூச்சித் துளை தெரிந்தது. நகத்துக்குள் மஞ்சள் கறை தெரிந்தது. போன வருஷமும் இதே கொட்டையைத்தான் பிதுக்கினாள். இதெல்லாம் அப்போது எங்கே போயிருந்தது?

"என்னா மே, பருப்பு கம்மியா கீது?" என்றான் திருமலை, குழம்பைப் பார்த்து.

"பாதி ரிஜெக்ட்," என்றாள். குரலில் நாலு நாளாக இல்லாத தெம்பு இருந்தது.

திங்கட்கிழமை காலை தரை நேராகியிருந்தது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. தினேஷ்குமார் எழுத்து அட்டையை நீட்டினான். கடைசி வரியில் அச்சடித்தவரின் விலாசம்வரை வாசித்துவிட்டு, "அவ்ளோதானா தம்பி?" என்றாள். பிறகு அவன் துணி விரித்து, ஒன்று முதல் பத்துவரை எண் ஒட்டிய வால்வுகளை வைத்தான். அவன் கையில் இருந்த தாளில் எவை கெட்டவை என்று எழுதியிருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

மாரம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். விளக்கில் திருப்பினாள். இரண்டு, ஐந்து, ஒன்பது மூன்றும் சிவப்புத் துணிக்குப் போயின. தினேஷ்குமார் மூச்சுவிட்டு, தாளை மடிக்கப் போனான். அதற்குள் அவள் கை மறுபடி நீண்டு, ஏழாம் எண் வால்வையும் எடுத்துச் சிவப்பில் வைத்தது.

அவன் முகம் விழுந்துவிட்டது. "அக்கா, நல்லா ஒருக்கா பாத்துருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

"பாத்துட்டன்."

"நாலு வராதுக்கா. நல்லதக் கெட்டதுன்னாலும் ஃபெயிலுதான். சொல்லுதேன்லா, இன்னொரு தரம் பாருங்க. அது சாதா பீஸ் இல்ல. நல்ல பீஸ்னா இப்படி இருக்கணும்னு எல்லாருக்கும் காட்டுததுக்கு வச்சிருக்க மாதிரி பீஸ்."

மாரம்மா கண்ணாடியைத் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொரு முறை எடுத்தாள். முத்திரை கம்பெனிக் கோட்டின் ஜேபியில் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாதிரி பீஸ் என்றால் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்ததாக இருக்கும். நல்லது என்று சொல்லிவிட்டால் இப்போதே எழுந்து தன் மேசைக்குப் போகலாம். விளக்கில் திருப்பினாள். உள் விளிம்பில் அது இருந்தது, முடியைவிட மெல்லிசாக.

"கீறல் கீது. பேக்கிங்குக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க தம்பி, இத நான் நல்லதுன்னு சொல்லமாட்டன்."

தினேஷ்குமார் வால்வை எடுத்துக்கொண்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவிக்குப் போனான். திரையில் அந்த விளிம்பு ரோடு அகலத்துக்கு வந்தது. குறுக்கே, மழைத்தண்ணீர் அரித்த ஓடைபோல ஒரு கோடு. அவன் தலையைச் சொறிந்தான். ஒழுகுகிறதா என்று மெஷினில் காற்றடைத்துத்தான் எல்லா வால்வும் வெளியே போகிறது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு, ஒன்றரை வருஷமாக இதைத்தானே புதுசாகச் சேர்கிற எல்லோருக்கும் காட்டினேன் என்று முனகிக்கொண்டே, மாதிரி பீஸின் பச்சைக் கார்டை டிராயரிலிருந்து எடுத்தான். எடுத்தவன் அவளைப் பார்த்தான். பிறகு கார்டை அவள் பக்கம் திருப்பினான்.

மூன்று கையெழுத்துகளுக்கு மேலே, முதலில் பார்த்தவர் என்ற இடத்தில், வட்டத்துக்குள் ஒரு ஏழு.

மாரம்மா கார்டையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். தினேஷ்குமாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

சிவப்புச் சீட்டை அவளே எடுத்து எழுதினாள். பொருள்: மாதிரி பீஸ். குறை: உள் விளிம்பில் கீறல். முன்பு பார்த்தவர்: 7. இப்போது பார்த்தவர் என்ற இடத்தில் ஜேபியிலிருந்து முத்திரையை எடுத்து, ஊதி, அழுத்திக் குத்தினாள்.

"இதுக்குப் பதில் எழுதணும்லாக்கா," என்றான் தினேஷ்குமார், பேனாவைத் திறந்துகொண்டு. "காரணம் என்னன்னு போட?"

மாரம்மா அடுத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூக்கிலிருந்து இறங்கிய கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டாள்.

"கண்ணாடி போடலன்னு போடு தம்பி. நடவடிக்கை, போட்டாச்சி."